பி.ஏ. சமூகவியலுக்குப் பின்: எந்தப் பாதைக்கு எத்தனை ஆண்டுகள்?

பி.ஏ. சமூகவியல் முடித்தவருக்கென்று, அந்தப் பட்டத்தை மட்டும் கேட்டு ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் வேலை எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. வணிகவியல் படித்தவருக்குத் தணிக்கையாளர் அலுவலகமும், கணினி அறிவியல் படித்தவருக்கு மென்பொருள் நிறுவனமும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிகின்றன. சமூகவியல் மாணவருக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை. கேட்ட பாடம் கிடைக்காமல் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் பாடம் பிடித்துப்போய், மூன்றாம் ஆண்டின் இறுதியில் அடுத்து என்ன என்று திகைத்து நிற்கும் மாணவர்களை இந்தப் பாடம் கற்பிக்கும் எங்களைப் போன்றோர் ஆண்டுதோறும் பார்க்கிறோம். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்கும்போது, "ஐ.ஏ.எஸ். எழுதலாம்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு அவர்களை அனுப்பிவிடுவது நியாயமாகாது என்பதால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எந்தப் பாதையை எடுத்தாலும் பட்டத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது போதாது. இந்தப் பாதையில் இரண்டு ஆண்டுகள் நடந்த பிறகு நின்றுவிட நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதையும் மாணவர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தக் கேள்வி சம்பளத்தைவிட முக்கியமானது; அப்பாவின் உடல்நிலை, தம்பியின் கல்லூரிக் கட்டணம், கல்யாணப் பேச்சு என்று நடுவழியில் நிறுத்திவிடக்கூடிய காரணங்கள் நம் வீடுகளில் ஏராளம். பெண்களுக்கு அவை இன்னும் சீக்கிரமாக வந்து சேர்கின்றன.

போட்டித் தேர்வுகள்

மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது எங்கே எவ்வளவு உதவும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தாள்களின் மொத்த மதிப்பெண் 1,750. அதில் விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களுக்கு 500. நேர்முகத் தேர்வுக்கு 275. விருப்பப் பாடத்தின் முதல் தாள் மார்க்ஸ், துர்கைம், வெபர் முதலியோரின் சிந்தனைகளையும் ஆய்வுமுறைகளையும், இரண்டாம் தாள் இந்தியச் சமூகத்தின் சாதி, குடும்பம், வேளாண் உறவு, சமூக இயக்கங்கள் ஆகியவற்றையும் கேட்கின்றன. இவற்றில் பெரும்பகுதியை மூன்றாண்டுகளில் நீங்கள் ஒருமுறையாவது படித்திருப்பீர்கள். பொறியியல் முடித்துவிட்டு இதே பாடத்தை எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. பொது அறிவின் முதல் தாளிலும் கட்டுரைத் தாளிலும்கூட இந்தப் படிப்பு கைகொடுக்கும்.

இத்தனை அனுகூலமும் முதல்நிலைத் தேர்வைத் தாண்டியவருக்கு மட்டுமே. முதல்நிலையில் விருப்பப் பாடம் 2011-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அங்கே அரசியலமைப்பு, பொருளாதாரம், வரலாறு, சுற்றுச்சூழல், அறிவியல், நடப்பு நிகழ்வுகள் ஆகியவற்றோடு, கணக்கு, தர்க்கம், வாசிப்புத் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும், 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்று சொல்லப்படும் சிசாட் தாளும் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவந்த கலைப்பிரிவு மாணவர் பலரைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தாள்தான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு, ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த ஒருவர் இந்தத் தேர்வை நினைத்தால், சமூகவியல் நூல்களைத் திரும்பப் படிப்பதற்கு முன்பே ஆங்கில வாசிப்புக்கும் கணக்குக்கும் ஓராண்டு ஒதுக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. பணம் தடையாக இருப்பவர்களுக்கு 'நான் முதல்வன்' திட்டம் ஓர் உண்மையான உதவி: மதிப்பீட்டுத் தேர்வின் வழியாகத் தெரிவாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கும், அதில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாயும் அந்தத் திட்டத்தில் வழங்கப்படுகின்றன. அந்த மதிப்பீட்டுத் தேர்விலேயே இடம் கிடைக்கவில்லையென்றால், அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுவது புத்திசாலித்தனம்.

டிஎன்பிஎஸ்சி தேர்வுகளின் நிலை வேறு. வினாத்தாள் தமிழிலும் வருகிறது. பள்ளிப் பாடநூல்களை ஆழமாகப் படித்தவருக்கு அவற்றில் பிடி கிடைக்கிறது. குரூப் 1 முதன்மைத் தேர்வில் இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள சமூகப் பிரச்சினைகள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருப்பதால், சமூகவியல் மாணவர் அந்தப் பகுதிக்கான விடைகளை மற்றவர்களைவிடச் செறிவாக எழுத முடியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர், ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் போன்ற பதவிகள் குரூப் 1-இல் வருகின்றன. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. குரூப் 2-இலும் குரூப் 4-இலும் இடங்கள் கூடுதல். ஆனால் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்பதால் அங்கே உங்கள் பட்டத்தால் தனிப் பயன் எதுவும் இல்லை.

இந்தப் பாதையில் நான் அஞ்சுவது ஒன்றைத்தான். குரூப் 2-இன் பெரும்பாலான பதவிகளுக்கும், பட்டம் பெற்றவர் எழுதும் குரூப் 4-க்கும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு உச்ச வயது வரம்பு இல்லை. தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கு இது பெரிய நீதி. அதே சமயம், இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று 30 வயதைத் தாண்டியும் நூலகத்திலும் பயிற்சி மையத்திலும் இருந்துவிடுவதற்கு இதுவே வழிசெய்கிறது. தேர்வுக்குத் தயாரான காலத்துக்குச் சான்றிதழ் எதுவும் தரப்படுவதில்லை. நடுவில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்குப் போட்டித் தேர்வுகள் தரும் விடைதான் எல்லாவற்றிலும் பலவீனமானது.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. தேர்வுக்குப் படிக்கும் அதே இரண்டு ஆண்டுகளில் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. சமூகவியலில் சேர்ந்துவிடலாம். விருப்பப் பாடமும் எம்.ஏ. பாடமும் பெருமளவு ஒன்றோடொன்று பொருந்துவதால் உழைப்பு இரட்டிப்பாவதில்லை. தேர்வில் தேறாவிட்டாலும் இரண்டாம் ஆண்டின் முடிவில் முதுநிலைப் பட்டம் கையில் இருக்கும். பொதுப் பிரிவினர் 55 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 50 விழுக்காடும் எடுத்திருந்தால், கல்லூரி ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை எழுதலாம். வங்கித் தேர்வுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை: எந்தப் பட்டமும் போதும், வயது வரம்பு உண்டு, கணக்கும் ஆங்கிலமும் தீர்மானிக்கின்றன, சமூகவியலுக்கு அங்கே இடமில்லை.

எம்.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா?

மேற்படிப்பு என்று முடிவெடுத்தவர்கள் சரியாக யோசிக்காமல் கடந்துவிடும் கிளைச்சாலை இதுதான். எம்.ஏ. சமூகவியலும் எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப் பணி முதுநிலைப் படிப்பும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே நுழைந்தால், முன்னது சமூகத்தை விளங்கிக்கொள்ளவும் எழுதவும் பழக்குகிறது. பின்னது குறிப்பிட்ட மனிதர்களோடும் அமைப்புகளோடும் வேலை செய்யப் பழக்குகிறது. எம்.எஸ்.டபிள்யூ.வில் வாரத்தின் சில நாள்கள் களப்பணிக்கே போய்விடும். மருத்துவமனை, காப்பகம், தொழிற்சாலை, கிராம முகாம் என்று சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் அறிக்கை எழுதிக் களப்பணி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எழும்பூரில் 1952 முதல் இயங்கிவரும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி, காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், 1936-இல் தொடங்கிய மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் என்று படிக்க நல்ல இடங்கள் உண்டு. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேர்வதற்கு முன், களப்பணிக்கு எந்தெந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள் என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். களப்பணி பெயரளவில் நடக்கும் இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பதால் பயனில்லை.

வேலை விளம்பரங்களை வைத்துப் பார்த்தால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கே கதவுகள் அதிகம். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் பதவிகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டத்தையே கேட்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மனநலச் சமூகப் பணியில் மேற்கொண்டு பயில நினைப்பவருக்கு எம்.ஏ. சமூகவியல் உதவாது. இரண்டு பட்டங்களையும் ஏற்கும் இடங்களும் உண்டு. அவற்றில் முக்கியமானது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் இயங்கும் இந்த அலகில் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் ஆகிய பணியிடங்கள் இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலருக்கும் சமூகப் பணியாளருக்குமான தகுதிகளில் சமூகவியல் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது, சமூகப் பணியாளருக்கு இளநிலைப் பட்டமே போதும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு சிறுமிக்குக் கல்யாண ஏற்பாடு நடப்பதாகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுமி குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படுகிறாள். குழு சமூக விசாரணை அறிக்கை கேட்கிறது. விதிகளில் படிவம் 22 என்று குறிக்கப்படும் அந்த அறிக்கையை நிரப்ப, சமூகப் பணியாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகிறார். மாப்பிள்ளை தாய்மாமன் என்று தெரிகிறது. அம்மா வழியில் வாங்கிய கடன் ஒன்று பல ஆண்டுகளாக நிற்கிறது. பாட்டி இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பேருந்து மாலையில் இருட்டிய பிறகுதான் ஊருக்குத் திரும்புகிறது. படிவத்தின் கட்டங்களில் வருமானம், கல்வி, உறவு என்று தனித்தனியாகக் கேட்கப்படும் இந்தச் செய்திகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதைக் கண்டு எழுதுபவரின் அறிக்கையை வைத்துத்தான் குழு சரியான முடிவுக்கு வர முடியும். "குடும்ப வறுமை காரணமாக" என்ற ஒரு வரியோடு நின்றுவிடும் அறிக்கை, அந்தச் சிறுமியை அடுத்த மாதமே அதே வீட்டில் அதே ஏற்பாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். உறவுமுறை பற்றி இளங்கலையில் படித்த பாடம் இத்தனை நேரடியாகப் பயன்படும் வேலை வேறொன்றை நான் அறியேன்.

ஊதியம் என்று வரும்போது மனம் கசக்கிறது. இவை ஒப்பந்தப் பணிகள். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் பாதுகாப்பு அலுவலருக்கு மாதத் தொகுப்பூதியம் 27,804 ரூபாய், சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536 ரூபாய் என்று இருந்தது. ஓய்வூதியம் இல்லை, நிரந்தரமாக்கப்படும் என்ற உறுதியும் இல்லை. ஒரு குழந்தையின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் அறிக்கையை எழுதுபவருக்கு அரசு தரும் மதிப்பு இவ்வளவுதானா என்று கோபம் வருவது இயல்பு; எனக்கும் வருகிறது. ஆனாலும் வேறொரு பாதைக்குப் போவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவர் வெறுங்கையோடு வெளியேறுவதில்லை. நீதிமன்றம், காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம், பள்ளி ஆகிய நான்கும் எப்படி இயங்குகின்றன என்பதை உள்ளிருந்து தெரிந்துகொண்டு, அறிக்கை எழுதும் பழக்கத்தோடு வெளிவருகிறார். தொண்டு நிறுவனங்களும் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் திட்டங்களும் அனுபவம் என்று கேட்பது இதைத்தான்.

அந்தத் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைக் களத்தில் செலவிடுவது பெரும்பாலும் அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களும்தான். மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை, சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், டிவிஎஸ் குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை போன்ற அமைப்புகளில் களத்தில் தொடங்கித் திட்ட மேலாளர் வரை போக வழியுண்டு. திட்டக் காலம் முடிந்தால் வேலையும் முடியும் என்ற நிச்சயமின்மை இங்கே எப்போதும் கூடவே வரும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவரும், கணக்கைச் சரியாக வைப்பவரும் அடுத்த திட்டத்துக்கு முதலில் அழைக்கப்படுகிறார்கள். முதுநிலையில் முதல் வகுப்பு எடுத்தவர்கள் 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்ட அறிவிப்பையும் கவனித்து வர வேண்டும். அரசுத் திட்டங்களை உயர்மட்டத்தில் அருகிருந்து பார்க்க அது இளம் வயதில் கிடைக்கும் அரிய வாய்ப்பு.

கற்பித்தல்

பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்ற எண்ணத்தை இங்கே வெளிப்படையாகத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளில் சமூகவியல் ஒரு பாடமாக இல்லை; ஆகவே அரசுப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு முதுநிலை ஆசிரியர் பணியிடமும் இல்லை. பி.எட். சேர்க்கை விதிகளிலும், பொருளியல், அரசியல் அறிவியல், உளவியல் ஆகியவற்றைப் போலச் சமூகவியலுக்கும் முதுநிலைப் பட்டம் கேட்கப்படுகிறது. இது தெரியாமல் இளங்கலையோடு பி.எட். விண்ணப்பம் வாங்க வருபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க நேர்கிறது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் 11, 12-ஆம் வகுப்புகளுக்குச் சமூகவியல் உண்டு என்றாலும், தமிழ்நாட்டில் அதை நடத்தும் பள்ளிகள் சொற்பம்.

கல்லூரி ஆசிரியப் பணிக்கு எம்.ஏ.வும் நெட் அல்லது செட் எனப்படும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களுக்கு நடக்கிறது; இரண்டு தாள்களும் சேர்ந்து 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதில் இளநிலை ஆய்வாளர் நிதியுதவிக்குத் தகுதி பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. முனைவர் பட்டக் காலத்தில் வீட்டிடம் கை நீட்டாமல் இருக்க ஏழை மாணவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆகவே நெட் என்று சொல்லும்போது இந்த நிதியுதவியையே குறியாக வைத்துப் படிக்கச் சொல்வேன். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அந்த நிரந்தரத்தை அடையும் வரை கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் கழியக்கூடும் என்பதையும், சமூகவியல் துறை உள்ள அரசுக் கல்லூரிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கலைக் கல்லூரிகளுக்கு வெளியே இரண்டு இடங்களை மாணவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. படிப்பில் சமூகவியல் ஒரு பாடம் என்பதால் சட்டக் கல்லூரிகளுக்குச் சமூகவியல் ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். இந்திய செவிலியர் மன்றத்தின் பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவத்திலேயே பயன்பாட்டுச் சமூகவியல் இருக்கிறது. செவிலியர் கல்லூரிகள் அதற்குப் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்களை அழைக்கின்றன. பகுதிநேர வருமானம் சிறியது, ஆயினும் ஆய்வு மாணவருக்கு அது கற்பித்தல் அனுபவமாகச் சேரும்.

கள ஆய்வும் தரவும்

கணக்கெடுப்புப் பணியை மாணவர்கள் பலரும் தற்காலிக வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தினப்படிக்குப் போகும் கணக்கெடுப்பாளர் வேலையாக மட்டும் அதைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் நல்லவர் யார், சுமாரானவர் யார் என்பதைத் தீர்மானிப்பது சமூகவியல் படிப்புதான். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், "இல்லம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்பார், அவர் கை அப்போதும் இலையைச் சுருட்டி நூலைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். படிவத்தில் 'வேலை இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் கணக்கெடுப்பாளரால் ஒரு மாவட்டத்தின் பெண் உழைப்பே கணக்கில் வராமல் போகும். நேற்று எத்தனை பீடி சுற்றினீர்கள், கூலி யார் கையில் வாங்குகிறார்கள், வருங்கால வைப்பு நிதிப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று மாற்றிக் கேட்கத் தெரிந்தவரை ஆய்வு நிறுவனங்கள் எளிதில் விட்டுவிடுவதில்லை.

இந்தப் பக்கம் வளர நினைப்பவர் எண்ணைக் கண்டு ஒதுங்கக்கூடாது. எக்செல், அதற்கு மேல் எஸ்பிஎஸ்எஸ் அல்லது ஆர் ஆகிய மென்பொருள்களில் ஒன்றையாவது நன்றாகக் கற்றுக்கொண்டு, மும்பையில் 1956 முதல் இயங்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் முதுநிலை பயில முயலலாம். தேசியக் குடும்பநல ஆய்வை ஒருங்கிணைக்கும் நிறுவனம் அதுதான். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், ஜே-பால் போன்ற ஆய்வு அமைப்புகளின் களத் திட்டங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வுப் பிரிவு என்று இதன் கிளைகள் பல. இன்று சமூகவியல் மாணவர்கள் மிகக் குறைவாக முயலும் பாதையும், நடுவில் நின்றால் அதிகம் மிஞ்சும் பாதையும் இதுவென்றே கருதுகிறேன். கற்ற மென்பொருளும் ஆய்வு அனுபவமும் வேறெந்தத் துறைக்குப் போனாலும் கூடவே வரும்.

சட்டமும் தொழிற்சாலையும்

அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்.பி. படிப்பது குறைந்த கட்டணத்தில் முடியக்கூடியது. வழக்கறிஞராக வருமானம் வரத் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் தாங்கிப் பிடிக்க வீடு வேண்டும். ஆனால் பட்டம் கைக்கு வந்தபின் அது எந்த வயதிலும் பயன்படும். குடும்ப வழக்குகள், நிலத் தகராறுகள், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் ஆகியவற்றில் சமூகவியல் படித்த வழக்கறிஞரின் பார்வைக்குத் தனி மதிப்பு உண்டு.

தொழிற்சாலைப் பக்கம் போக விரும்புவோர் தொழிலாளர் நல அலுவலர் பதவியைக் கவனிக்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49-ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அதற்கு மாற்றாக 2020-இல் நிறைவேற்றப்பட்ட சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர், கோவை ஆகிய தொழில் வட்டாரங்களை நினைத்தால் இது சிறிய மாற்றமாகத் தெரியவில்லை. இளங்கலைச் சமூகவியல் மட்டும் இதற்குப் போதாது. மனிதவளப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் நடத்துவது போன்ற தொழிலாளர் மேலாண்மைப் படிப்பு வேண்டும்.

யாருக்கு எது?

வீட்டுக்கு உடனடியாக வருமானம் தேவைப்படுபவர் முழுநேரப் போட்டித் தேர்வுத் தயாரிப்பில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். அவர் மாவட்ட அலகிலோ தொண்டு நிறுவனத்திலோ சிறிய ஊதியத்தில் சேர்ந்து, தொலைநிலையில் முதுநிலைப் படிப்பைத் தொடர்ந்து, டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வரும்போது எழுதிப் பார்ப்பதே பாதுகாப்பானது. இரண்டு ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய வீடு, மனிதர்களோடு பழகுவதில் களைப்படையாத சுபாவம், இரண்டும் இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ. படிப்புதான் முதல் தேர்வு. படிப்பதிலும் எழுதுவதிலும் உண்மையான பற்று இருந்து, ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்கவும் முடியும் என்றால் மட்டுமே எம்.ஏ., நெட், முனைவர் பட்டம் என்ற வரிசையைத் தொடங்க வேண்டும். குடிமைப் பணித் தேர்வை எழுதத்தான் வேண்டும் என்பவர் எத்தனை முயற்சிகள், எந்த ஆண்டு வரை என்பதைத் தேதியோடு எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நடுவில் அந்தத் தேதியைத் தள்ளிப்போடும் உரிமை தனக்கு மட்டும் இருக்கக்கூடாது.

பெண்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். களப்பணி என்றதும் "ஊர் ஊராகச் சுற்றும் வேலை" என்று வீட்டில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்காகப் படிப்பையே மாற்றிக்கொள்ளாமல், மருத்துவமனைச் சமூகப் பணி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம், கல்லூரி ஆசிரியப் பணி போன்று ஓரிடத்தில் அமர்ந்து செய்யும் வேலைகளும் இதே பட்டங்களால் கிடைக்கின்றன என்பதை விளம்பர நறுக்கோடு காட்டிப் பேசுவது பலன் தருகிறது. இளங்கலை முடித்த கையோடு கல்யாணப் பேச்சு எழும் வீடுகளில், ஒரு முதுநிலை இடத்துக்கான சேர்க்கைக் கடிதம் கையில் இருப்பதே இரண்டு ஆண்டு அவகாசத்தைப் பெற்றுத் தருகிறது.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்குக் காலக்கெடு நெருக்கமானது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் டாட்டா கழகத்துக்கும் வழியான கியூட் முதுநிலைத் தேர்வுக்கு அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் பெற்று மார்ச்சில் தேர்வு நடத்தியிருக்கிறார்கள். தேர்வு முடிவு வந்தபின் யோசிக்கலாம் என்று மே மாதம் வரை இருப்பவருக்கு அந்த ஆண்டு அந்தக் கதவு மூடியிருக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கை பருவத்தேர்வு முடிவுகளை ஒட்டி நடப்பதால் அவற்றுக்கு ஜூன், ஜூலை வரை நேரம் உண்டு. மாவட்ட அலகுகளின் பணி அறிவிப்புகள் அந்தந்த மாவட்ட இணையதளத்தில் வெளியாகிக் குறுகிய அவகாசத்திலேயே முடிந்துவிடுகின்றன. அவற்றின் கல்வித் தகுதிப் பத்தியில் 'சமூகப் பணி மட்டும்' என்று இருக்கிறதா, 'சமூகப் பணி அல்லது சமூகவியல்' என்று இருக்கிறதா என்பதை விண்ணப்பம் நிரப்பும் முன் வரி வரியாகப் படித்துவிட வேண்டும்.